ஊசிமேல் வைத்த நாலணா

எங்கள் டெக்னீஷியன் சங்க மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று செல்வம் வந்து நின்றான். நான் ஆயுளில் பாதிக்கு மேல் உட்கார்ந்திருந்த ராஜபாளையம் கடையை இப்போது நடத்துகிறவன் அவன்தான்.

"அண்ணாச்சி, பயலுவ எல்லாம் திரும்பவும் ரெக்கார்டு வாங்க ஆரம்பிச்சுட்டானுவ. சூட்கேஸ் மாதிரி ஒரு பிளேயரை ஆன்லைன்ல வாங்க வேண்டியது. ஆறு மாசத்துல தூக்கிட்டு வந்து, இதைவிட நல்ல டர்ன்டேபிள் எதுன்னு எங்கிட்ட கேக்க வேண்டியது. எனக்கு என்ன தெரியும்? நான் டிவி பாக்கிறவன். நீங்க எழுதிக் குடுங்க" என்றான்.

எந்த மாடல், என்ன விலை என்பதெல்லாம் போனைத் திறந்தால் கொட்டிக் கிடக்கிறது. அதை எழுத நான் எதற்கு? அதனால் நான் வேறொன்று எழுதுகிறேன். நல்ல மெஷினுக்கு மாறிய ஒரு வீட்டின் கதை. அந்த மெஷினைத் தேர்ந்தெடுத்தவன் நான், கொண்டுபோய் மாட்டியவன் நான், அந்த வீட்டில் நடந்த கெடுதலுக்குக் காரணமும் நான்தான். மலரில் போடுவதற்கு இது ஏற்றதா என்று சங்கத்துக்காரர்கள் முடிவு செய்து கொள்ளட்டும்.

பத்தாவதில் தவறியதும் திருப்பதி ராஜா முதலாளியின் ரேடியோ கடையில் சேர்ந்தேன். மூன்று வருஷம் சாலிடரிங் புகையைக் குடித்ததுதான் என் படிப்பு. அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முதலாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. ரெக்கார்டைத் தொடுவதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவுவார். வேட்டியில் துடைக்க மாட்டார், அதற்கென்று ஆணியில் ஒரு மல் துண்டு தொங்கும். தட்டை ஓரத்தில் மட்டும் பிடித்து, உள்ளங்கை படாமல் உறையிலிருந்து எடுப்பார். ஊசியை இறக்கும்போது மூச்சை அடக்கிக் கொள்வார். தட்டு ஓடுகிற நேரமெல்லாம் கடையில் மின்விசிறி கிடையாது, தூசி பறக்குமாம். சித்திரை வெயிலில் நாங்கள் வெந்து போவோம். நான் ஒருநாள் முனகியதற்கு, "காத்து வேணும்னா அய்யனார் கோவிலுக்குப் போ. பாட்டு வேணும்னா இங்க இரு" என்றார்.

முகூர்த்த நாள்களில் எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. என் மச்சான் மைக் செட் வைத்திருந்தார். செட்டியார்பட்டியில் கல்யாணம், மகாராஜபுரத்தில் பொங்கல் என்று அவரோடு போவேன். பந்தலுக்குப் பக்கத்தில் ஆட்டம் போட்டால் பெஞ்சு ஆடும், பெஞ்சு ஆடினால் ஊசி குதிக்கும், பாட்டு பாதியில் அறுந்தால் மாப்பிள்ளை வீட்டார் சண்டைக்கு வருவார்கள். அதற்கு மைக் செட்காரர்கள் எல்லாரிடமும் ஒரே வைத்தியம்தான். ஊசி மாட்டியிருக்கிற கையின் நுனியில் ஒரு நாலணாக் காசை வைத்து டேப் ஒட்டிவிடுவது. அந்தக் கனத்தில் ஊசி அமுங்கி ஓடும், பிறகு பக்கத்தில் வெடி போட்டாலும் குதிக்காது. காசு வைக்காத மைக் செட்டை இந்தப் பக்கத்தில் நான் பார்த்ததில்லை.

அந்தப் பழக்கத்தில் ஒருநாள் கடைக்கு வந்த பிளேயர் ஒன்றிலும் காசு வைத்துவிட்டேன். முதலாளி பார்த்துவிட்டார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், மனசு நொந்து போனால் அதுதான் முந்திக்கொண்டு வரும்.

"வத்துரா" என்றார். வேண்டாம்டா என்று அர்த்தம். காசை உரித்து என் கையில் கொடுத்தார். பிறகு வாட்ச்காரர்கள் கண்ணில் வைக்கிற லென்ஸை எடுத்து, மச்சானின் மைக் செட் ரெக்கார்டு ஒன்றையும் கடை ரெக்கார்டு ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னார். கடைத் தட்டின் வரிகள் கறுப்பாக மின்னின. மச்சானின் தட்டில் வரிகளின் இரண்டு பக்கமும் சாம்பல் பூத்தது போல இருந்தது.

"ஊசி குதிச்சா அது என்னமோ சொல்லுதுன்னு அர்த்தம். ஊசி தேஞ்சிருக்கும், அழுக்கு இருக்கும், கை இறுகியிருக்கும். அதைப் பாரு. காசை வச்சு அதோட வாயை அடைக்காத."

இதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. சம்பளத்திலும் பிடிக்கவில்லை. எனக்கு நன்றாகவே புரிந்தது. புரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை என்பதற்காகத்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

பிறகு கேசட் வந்தது, டிவி வந்தது, டிஷ் வந்தது. முதலாளி போய்ச் சேர்ந்தார். நான் அதே ஸ்டூலில் இருந்தேன். ரெக்கார்டு பிளேயர் ரிப்பேருக்கு ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் இரண்டு ஊரிலும் கடைசியில் மிஞ்சியது நான் ஒருவன்தான். மில்காரர் வீடுகளில் பிள்ளைகள் புதுசாக டர்ன்டேபிள் வாங்கி ஃபிரிட்ஜ்மேல் வைத்துவிட்டு, "அண்ணாச்சி, உம்முன்னு ஒரு சத்தம் வருது" என்று கூப்பிடுவார்கள். நான் போய் அதைக் கீழே இறக்கி, எர்த் வயரை மாட்டிவிட்டு, காபி குடித்துவிட்டு வருவேன். பெரிய மெக்கானிக் என்று பெயர். எனக்கும் கொஞ்சம் தலை கனத்துத்தான் இருந்தது.

அப்போதுதான் சாமுவேல் சார் வந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் பிசிக்ஸ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய பெட்டி பிளேயர் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்திருந்தார். கூடவே ஒரே ஒரு சின்னத் தட்டு. அவர்கள் சர்ச்சின் விழாவுக்காகப் பாடகர் குழு மெட்ராஸ் போய்ப் பாடிப் பதிவு செய்தது. விற்பனைக்கு இல்லாமல் சபைக்குள் மட்டும் கொடுத்தார்களாம். அதில் ஒரு கீர்த்தனையைத் தனியாகப் பாடியிருந்தவர் அவர் மனைவி எஸ்தர் டீச்சர். டீச்சர் இறந்து அப்போது ஒரு வருஷம் ஆகப் போகிறது.

"தெனமும் காலையில ஜெபம் முடிச்சுட்டு ஒரு தடவ போட்டுக் கேப்பேன். இப்ப ரெண்டாவது சரணத்துல குதிக்குது" என்றார். தட்டை நான் போட்டதும், விரலைத் தூக்கிக் காத்திருந்தார். "இந்தா, இந்த இடம். சரணம் எடுக்கிறதுக்கு முன்னால அவ மூச்சு வாங்குவா. அது தெளிவாக் கேக்கும். அந்த மூச்சுலதான் குதிக்குது."

லென்ஸ் வைத்துப் பார்க்கக்கூட வேண்டியிருக்கவில்லை. ஊசி தேய்ந்து மொட்டையாகிவிட்டது. அந்த மாடலுக்கு ஊசி கையிருப்பில் இல்லை. மெட்ராஸில் சொல்லி வைத்தால் வரும், எப்போது வரும் என்று தெரியாது.

"நாளைக்கு அவளுக்கு வருஷம். வீட்டுல ஜெபக் கூட்டம் வச்சிருக்கேன். சொந்தக்காரங்க எல்லாம் வாராங்க. அந்தப் பாட்டைப் போடாம எப்படி?" என்றார். கண் கலங்கிவிட்டது.

என் டூல்ஸ் பெட்டியில் செல்லாமல் போன நாலணாக் காசுகள் நாலைந்து கிடந்தன. மைக் செட் காலத்து மிச்சம். ஒன்றை எடுத்து டேப் போட்டு ஒட்டினேன். ஊசி அந்த இடத்தை அழகாகக் கடந்தது. டீச்சர் மூச்சு வாங்கி, சரணத்தை எடுத்தார்.

சாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "இனிமே குதிக்காது சார்" என்றேன். நாளைக்கு மட்டும்தான் இந்தக் காசு, ஊசி வந்ததும் மாற்ற வேண்டும், அதுவரை அடிக்கடி போடாதீர்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில் எனக்கு அது வாயில் வரவில்லை. ஊசிக்குச் சொல்லிவிட்டேன், அது வரவில்லை, நான் மறந்தே போனேன். காசு அங்கேயே இருந்தது. சார் தினமும் காலையில் போட்டார். இப்படி மூன்று வருஷம்.

மூன்று வருஷம் கழித்து அவரே போன் செய்தார்.

"மெக்கானிக், அவ குரல் கொஞ்சம் கம்முன மாதிரி கேக்குது. பெட்டி பழசாயிருச்சு. மக பெங்களூர்ல இருந்து பணம் அனுப்புறேங்கா. நல்ல டர்ன்டேபிளா ஒண்ணு பாத்துச் சொல்லுங்க. மகளுக்கும் கம்ப்யூட்டர்ல ஒரு காப்பி வேணுமாம்."

"அப்படின்னா காப்பியைப் புது மெஷின் வந்த பொறவு எடுப்போம் சார். சுத்தமா வரும்" என்றேன்.

எனக்குக் காசு ஞாபகம் வரவே இல்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு ஒரே சந்தோஷம். நல்ல மெஷினை என் கையால் தேர்ந்தெடுத்து மாட்டுகிற வாய்ப்பு அதுவரை கிடைத்ததில்லை. ஒரு மாதம் விசாரித்தேன். பெல்ட்டில் ஓடுவது, ரெக்கார்டு உட்காரக் கனமான சுழல்தட்டு, பின்னால் எடைக்கட்டி வைத்த கை. பெட்டி வந்ததும் நானே ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கொண்டு போனேன்.

அன்றைக்கு முதலாளி இருந்து பார்த்திருக்க வேண்டும். கொத்தனாரிடம் ரசமட்டம் வாங்கிக்கொண்டு போயிருந்தேன். முதலில் மேஜை மட்டம், பிறகு மெஷின் மட்டம். மேஜையின் ஒரு காலுக்கு அட்டையை மடித்துக் கொடுத்தேன். மோட்டாரிலிருந்து சுழல்தட்டுக்குப் பெல்ட்டைப் பூட்டினேன். பிறகு கையின் பின்னால் இருக்கிற எடைக்கட்டியை நூல் நூலாகத் திருகி, கை மேலேயும் போகாமல் கீழேயும் இறங்காமல் அந்தரத்தில் நிற்கிறதா என்று பார்த்தேன். அது பூஜ்யம். அங்கிருந்து திருகி இரண்டு கிராமுக்கும் குறைவாக வைத்தேன். பழைய பெட்டி காசோடு சேர்த்து அதைப் போல நாலைந்து மடங்கு அழுத்திக்கொண்டிருந்தது என்பது என் புத்தியில் இன்னும் ஏறவில்லை. கட்டம் போட்ட அட்டையை வைத்து ஊசி நேராக நிற்கிறதா என்று பார்த்தேன். எல்லாம் முடிய இரண்டு மணி நேரம். சார் சின்னப் பையன் போலப் பக்கத்திலேயே நின்றார்.

முதலில் நான் கொண்டு போயிருந்த நாகஸ்வரத் தட்டைப் போட்டேன். வித்வான் எதிரே வந்து உட்கார்ந்துவிட்டார். "யப்பா!" என்றார் சார். "அவளைப் போடுங்க, அவளைப் போடுங்க."

போட்டேன். ஆர்மோனியம் கரகரவென்று ஆரம்பித்தது. அதன்மேல் டீச்சரின் குரல் வந்தது. மணலை வாயில் போட்டுக்கொண்டு பாடினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. ஒவ்வொரு வல்லெழுத்திலும் குரல் கிழிந்தது. பழைய பெட்டியின் சின்ன ஸ்பீக்கர் அதுவரை மூடி மறைத்திருந்த எல்லாவற்றையும் இந்த நல்ல மெஷின் அப்படியே எடுத்து வெளியே வைத்தது. இரண்டாவது சரணத்துக்கு முன் மூச்சு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் இரைச்சல்.

"மெக்கானிக், கனெக்‌ஷன் எதுவும் லூசா இருக்கா?"

"பாக்கேன் சார்."

எல்லா வயரையும் கழற்றி மாட்டினேன். ஒன்றுமில்லை என்று தெரிந்துதான் செய்தேன். கடைசியில் லென்ஸை எடுத்துத் தட்டைப் பார்த்தேன். மச்சானின் தட்டில் பார்த்த அதே சாம்பல். நாகஸ்வரத் தட்டு அதே மெஷினில் கணீரென்று பாடியதே, இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? நான் ஒட்டிய காசு அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது.

"செத்த நேரம் உக்காருங்க, காபி போட்டுட்டு வாரேன்" என்று சார் உள்ளே போனார். பழைய பெட்டி பக்கத்து ஸ்டூலில் இருந்தது. நான் எழுந்து போய், அதிலிருந்த காசை டேப்போடு உரித்து, ஜன்னல் வழியாக வெளியே எறிந்தேன். இதை எழுதும்போதும் எனக்குக் கூசுகிறது.

காபி வந்தது. "தட்டுக்கு வயசாயிருச்சு சார்" என்றேன்.

"அப்படியா" என்றார். தட்டை எடுத்து உறையில் போட்டார். நான் சொல்லிக் கொடுத்தபடியே ஓரத்தில் மட்டும் பிடித்திருந்தார்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். நான் கெட்டிக்காரனும் இல்லை, ஒன்பது மாதம் ஓட்டினேன். அதே தட்டு இன்னொன்று கிடைத்துவிட்டால் அதைக் கையில் கொடுத்துவிட்டு விஷயத்தைச் சொல்லிவிடலாம், வெறுங்கையோடு போய் எப்படிச் சொல்வது என்று எனக்கு நானே தவணை வைத்துக்கொண்டேன். அந்தப் பாடகர் குழுவில் இருந்தவர்கள் யார் யார் என்று சர்ச்சில் கேட்டு, வீடு வீடாகப் போனேன். செட்டியார்பட்டியில் ஒரு வீட்டில் தட்டு இரண்டாக உடைந்து பரணில் கிடந்தது. தபேலா வாசித்தவர் மகாராஜபுரத்தில் இருந்தார். "ஆமா, இருந்துச்சே. மாந்தோப்புல கிளி வெரட்டக் கட்டி விட்டோம், நல்லா மினுங்கும்" என்று கூட்டிப் போய்க் காட்டினார். கிளையில் கயிற்றில் தொங்கியது. வெயிலில் அப்பளமாக நெளிந்து போயிருந்தது. அவிழ்த்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு என்ன செய்ய?

அதற்கு மேல் தேட வீடு இல்லை. அன்று ராத்திரி வீட்டில் அதைச் சொன்னேன். என் வீட்டுக்காரிக்கு எல்லாம் தெரியும். "தட்டு கெடைக்காது. நீங்க போய்ச் சொல்லிட்டு வந்திருங்க. அவிய ஏசுனா வாங்கிக்கிடுங்க" என்றாள்.

மறுநாள் காலையிலேயே போனேன். புது மெஷின்மேல் பூவேலை செய்த துணி போர்த்தியிருந்தது. டீச்சர் தைத்ததாக இருக்க வேண்டும். சார் உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே சொன்னேன். காசு, தேய்ந்த ஊசி, வராத ஊசி, நான் மறந்தது, முதலாளி எனக்கு அப்போதே காட்டியது எல்லாவற்றையும் சொன்னேன். "உங்க வீட்டம்மா குரலை நான்தான் சார் தேய்ச்சுப்புட்டேன்" என்றேன்.

சார் எழுந்து போய் பைபிளுக்குப் பக்கத்தில் இருந்த மூக்குக் கண்ணாடிக் கூட்டைத் திறந்து எதையோ எடுத்து வந்தார். என் கையில் வைத்தார். நாலணா. டேப் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது, அதில் மண்ணும் ஒட்டியிருந்தது.

"நீங்க போன மறுநாள் செடிக்குத் தண்ணி விடும்போது கெடந்துச்சு. பழைய பெட்டியைப் போய்ப் பாத்தேன், காசக் காணோம். ஸ்கூல் லேப்ல கொண்டு போய் நிறுத்துப் பாத்தேன். கிட்டத்தட்ட மூணு கிராம். ஊசி முனை எம்புட்டு எடம் இருக்கும்? அந்த எடத்துமேல இந்தக் கனம். அழுத்தம் எம்புட்டுன்னு பத்தாம் கிளாஸ் பையன் சொல்லிருவான். முப்பது வருஷமா நான் நடத்துன பாடம்தான் அது. மூணு வருஷம் தெனமும் என் கண்ணு முன்னாலதான் இருந்துச்சு. நானும் பாக்கலையே."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"காசு வச்சதை விடுங்க. அன்னைக்கு நான் அழுதேன், நீங்க வச்சீங்க. ஜன்னல் வழியா எறிஞ்சீங்க பாத்தீங்களா..." என்று நிறுத்தினார். "நீங்களா வந்து சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். ஒம்பது மாசம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. பேரன் எடுத்தவன், அவர் முன்னால் நின்று அழுதேன். அவர் சமாதானம் சொல்லவில்லை. துணியை மடித்து வைத்தார். கை கழுவிவிட்டு வந்தார். தட்டை ஓரத்தில் பிடித்து எடுத்து வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு ஊசியை இறக்கினார். மூச்சை அடக்குவதை அவருக்கு நான் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

மணலுக்குள்ளிருந்து டீச்சர் பாடினார். பல்லவி முடிந்தது, முதல் சரணம் முடிந்தது. சார் விரலைத் தூக்கினார், என் கடைக்கு வந்த அன்றைக்குத் தூக்கியதைப் போலவே.

"இந்த எடம். மூச்சு வாங்குறா. கேக்குதா?"

நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். இரைச்சல்தான் இருந்தது. கேட்கிறது என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. கையில் இருந்த காசை இறுக்கிக்கொண்டேன்.

"இல்ல சார். கேக்கல."

"எனக்குக் கேக்குது" என்றார்.

பாட்டு முடிந்ததும் ஊசியை அவரே தூக்கி வைத்தார். என்னை இருக்கச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை.